நாலரைக் கட்டையில் ஒரு பரீட்சை

மலர்க் குழுவினர் கட்டுரை வேண்டி எழுதியபோது, பழைய மாணவர் ஒருவர் எழுதுதற்குரிய பொருள்கள் இவையென ஒரு சிறு பட்டியலையும் உடன் அனுப்பியிருந்தனர். அதிபர்களின் அருஞ்செயல்கள், விடுதி வாழ்க்கை, துடுப்பாட்டப் போட்டிகள், சைவ மாணவர் மன்றம் என்பன அதிற் கண்டவை. அவற்றைப் பற்றி எழுதுதற்கு என்னினும் தகுதி வாய்ந்தோர் பலர் உளர். துடுப்பாட்டத்துக்கு யான் செய்த தொண்டு, எல்லையைக் கடந்து பற்றைக்குள் வீழ்ந்த பந்தைத் தேடிக் கொடுத்தமை ஒன்றே. ஆகவே, கல்லூரியை விட்டு நீங்கி முப்பத்தாறு ஆண்டுகளின் பின் யான் தோற்றிய ஒரு பரீட்சையைப் பற்றி எழுத விடை பெற்றுக்கொண்டேன். சுட்டெண்ணும் வினாத்தாளும் இல்லாத பரீட்சை அது. கல்முனையில் உள்ள இசைக்குழு ஒன்றுக்குக் கிற்றார் வாசிப்பவர் ஒருவர் தேவைப்பட்டார். அதற்கான தெரிவுக்கு, 2022ஆம் ஆண்டில், என் ஐம்பத்து நான்காவது வயதில் யான் சென்றேன்.

எனது ஊராகிய கோமாரியை அறியாத அன்பர்கள் இருக்கலாம். மட்டக்களப்பிலிருந்து தெற்கே செல்லும் பெருவீதியில், திருக்கோவிலுக்கும் பொத்துவிலுக்கும் இடையே, ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்பும் வயலும் காடுமாகக் கிடக்கும் சிற்றூர் அது. இலங்கையின் கிழக்கு எல்லையெனப் படங்களிற் குறிக்கப்படும் சங்கமன்கண்டி முனை எமக்கு அயல். ஆண்டுதோறும் வடக்கேயிருந்து உகந்தை வழியாகக் கதிர்காமத்துக்கு நடந்து செல்லும் அடியார் கூட்டம் எங்கள் வீதியாற் செல்லும். அவர்கள் பாடிக்கொண்டே செல்வர். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்துப் பாட்டுக் கேட்கும். இவற்றின் வேறாக இடையறாது ஒலிப்பது கடல் ஒன்றே. அதற்குத் தாளம் உண்டு, சுருதி இல்லை.

கிற்றார் இந்து மாணவருக்கு உரிய வாத்தியமன்று என்பது எம் காலத்து எண்ணம். கல்லூரி வாணி விழாவுக்கு வீணையும் வயலினும் மிருதங்கமும் வரும். கிற்றார் என்றால் பறங்கியர் வீட்டுக் கலியாணமும் பைலாவுமே நினைவுக்கு வரும்; விடுதிப் பொறுப்பாசிரியருக்கு அவற்றுக்கு மேலும் சில நினைவுகள் வந்திருத்தல் கூடும். ஆயினும் கல்லூரி எமக்கு ஒன்றைத் தந்தது. வெள்ளிக்கிழமைதோறும் பிரார்த்தனை மண்டபத்தில் நின்று தேவாரம் பாடியதனால், சுருதி சற்றே விலகினும் முதுகில் எறும்பு ஊர்வது போன்ற உணர்ச்சி எம்மிற் பலருக்கு உண்டாயிற்று. எமது பண்ணிசை ஆசிரியர் வாத்தியம் எதனையும் கொண்டு வருவதில்லை. அவர் எடுத்ததே சுருதி. அவருக்குச் சளி பிடித்த வாரங்களில் கல்லூரி முழுவதும் அரைக் கட்டை தாழ்ந்து பாடும்.

1994இல் ஆசிரியப் பணியின் பொருட்டு மட்டுநகரில் தங்கியிருந்த காலத்திலேதான் எனக்குக் கிற்றார் கிடைத்தது. டச்பாரில் வசித்த பறங்கித் தச்சர் ஒருவர், உடைந்த வாத்தியங்களை ஒட்டிச் சீர் செய்து விற்பவர், ஒன்றைத் தவணை முறையிற் கொடுத்தார். போர்த்துக்கீசர் 1628இல் மட்டக்களப்பிற் கோட்டை கட்டினர். பத்தே ஆண்டுகளில், 1638இல், அஃது ஒல்லாந்தர் வசமாயிற்று. கோட்டை கைமாறிய பின்னரும் போர்த்துக்கீச வழிவந்தோர் தம் பேச்சையும் கபிரிஞ்ஞா ஆட்டத்தையும் விட்டாரல்லர். பைலா என்னும் சொல்லே ஆடுதலைக் குறிக்கும் போர்த்துக்கீசச் சொல்லின் வழி வந்தது. அத்தச்சர் எனக்குக் கற்பித்தவை மூன்று சுரக்கூட்டுகளும் ஆறெட்டுத் தாளத்துக்குரிய ஒரு கைவீச்சுமே. "மாஸ்டர், இடது கை படிச்ச கை, அது தானா வரும். வலது கைக்குத்தான் பள்ளிக்கூடம் வேணும்" என்பார். தம் தமிழைத் தாமே கேட்டுச் சிரிக்கும் வழக்கம் அவருக்கு இருந்தது.

அந்தக் கிற்றார் 2004 டிசம்பர் 26ஆம் நாள் அலையோடு போயிற்று. அம்பாறை மாவட்டத்தில் 10,000க்கும் மேற்பட்டோர் மாண்ட நாளில் ஒரு மரப்பெட்டி போனதைப் பற்றி எழுதுவது முறையன்று. டச்பாரையும் அதே அலை அழித்தது.

இரண்டாவது கிற்றாரை 2006இல் வாங்கினேன். சீனத் தொழிற்சாலையிற் செய்யப்பட்டது. உருக்குத் தந்தி பூட்டியது. கோமாரிக் காற்றில் உருக்குத் தந்தி மூன்று வாரத்திற் கறுக்கும். ஆறாம் வாரத்தில் விரலிற் செந்தூள் ஒட்டும். தையல் இயந்திர எண்ணெய் தோய்ந்த துணியால் ஒவ்வோரிரவும் துடைத்துத் துணிப்பைக்குள் வைத்தாலும் இரண்டு மாதத்துக்கு மேல் நில்லாது. கடற்கரை ஊர்களில் வசிக்கும் அன்பர்களுள் எவரேனும் இதற்கு மருந்து அறிவாராயின் எழுதியறிவிக்குமாறு வேண்டுகிறேன். பதினாறு ஆண்டுகள் யான் திண்ணையில் இருந்து, கேட்பார் எவருமின்றி வாசித்து வந்தேன். என் மனைவியார் கேட்டிருப்பார். ஆயினும் அவரைக் கேட்பாரெனக் கணக்கெடுப்பது நியாயமன்று.

யான் கணித ஆசிரியன். ஆகையால் கிற்றாரின் கழுத்தை முதலிற் கண்களாற் கற்றேன். வீணையில் மெழுகிற் பதித்த மெட்டுகள் 24. கிற்றாரிலும் மெட்டுகள் உண்டு, ஆயின் அவை மரத்தில் அறையப்பட்டவை. ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம விகிதப் பங்குகளாகப் பகுத்து அவற்றைப் பதித்துள்ளனர். 650 மில்லிமீற்றர் நீளமுள்ள தந்தியில் முதல் மெட்டு 36.5 மில்லிமீற்றரில் நிற்கும்; பன்னிரண்டாவது சரி பாதியில், 325இல் நிற்கும். ஒவ்வொரு மெட்டிலும் அதிர்வெண் 1.0595 மடங்கு உயரும். உயர்தர வகுப்பிற் பெருக்கல் விருத்தியைக் கற்பிக்கும்போது கிற்றாரை வகுப்புக்குக் கொண்டு சென்றிருக்கிறேன். அன்று மாத்திரம் பின்வரிசை மாணவர் முன்வரிசைக்கு வருவர்.

இந்தச் சமப் பகுப்பில் ஓர் உட்குறை உண்டு. அரைச்சுரத்தை நூறு சதமாகப் பகுத்தல் மேனாட்டார் வழக்கு. நமது ரூபாவைப் போல. கிற்றாரிற் பஞ்சமம் இயற்கைப் பஞ்சமத்தை விட இரண்டு சதமே குறைவு. எவர் காதுக்கும் எட்டாது. அந்தர காந்தாரமோ 5:4 என்னும் இயற்கை விகிதத்தை விடப் பதினான்கு சதம் கூடுதலாக ஒலிக்கும். தேவாரத்திற் பழகிய காதுக்கு அது தெரியும். தனியே வாசிக்கும் வரை யாரும் வழக்குத் தொடுப்பதில்லை. நல்ல பாடகர் ஒருவர் அருகில் நின்று இயற்கைக் காந்தாரத்தைப் பிடித்தாராயின், இருவருக்கும் இடையில் அந்தப் பதினான்கு சதக் கடன் நிற்கும்.

இசைக்குழு என்பது எமது பகுதிக்குப் புதியதன்று. 1966இல் க்ளாரன்ஸ் விஜேவர்தனவும் அனஸ்லி மாலேவனவும் மூன்ஸ்ரோன்ஸ் என்னும் குழுவைத் தொடங்கி, மின் கிற்றாரைச் சிங்களப் பாட்டுக்குள் கொண்டுவந்தனர். அதையொட்டிய ஆண்டுகளில் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோர் தமிழிற் பொப் பாட்டுப் பாடினர். சின்ன மாமியையும் சுராங்கனியையும் அறியாத கலியாண வீடு கிழக்கில் இல்லை. போர்க்காலத்தில் இரவுக் கச்சேரி என்ற பேச்சே எழவில்லை. 2009இன் பின்னரே திருவிழாவின் இறுதி இரவில் விடிய விடியப் பாட்டுக் கேட்கும் வழக்கம் மீண்டது. பின்னர் 2020இல் பெருந்தொற்று வந்தது; இரண்டாண்டு காலம் ஒலிபெருக்கிகளின் மேல் துணி மூடிக் கிடந்தது.

2022இல் நிகழ்ந்தவற்றை வாசகர்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. மார்ச்சுத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக நின்ற அமெரிக்க டொலர் ஏப்பிரலில் 300 ரூபாவைக் கடந்தது. எரிபொருளுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை, கடவுச்சீட்டுக்கு எல்லாவற்றினும் நீண்ட வரிசை. கல்முனைக் குழுவின் கிற்றார்க்காரர் அவ்வரிசைகளுள் மூன்றாவதில் நின்று கத்தாருக்குச் சென்றுவிட்டார். அக்குழுவில் ஒக்ரபாட் என்னும் மின் தாளக்கருவியை வாசிப்பவர் பாண்டிருப்பைச் சேர்ந்தவர். என்னிடம் கணிதம் கற்றவர். அவரே தொலைபேசியில் அழைத்து, "சேர், மூணு பேர் வாறாங்க. நீங்களும் ஒருக்கா வந்து பாருங்களன்" என்றார். கற்பித்தவன் என்ற மரியாதைக்காக அழைக்கிறாரோ என்று ஐயுற்றுக் கேட்டேன். "மரியாதைக்கெண்டா சாப்பிடக் கூப்பிட்டிருப்பன் சேர்" என்றார்.

நான்கு பாட்டுகளை ஆயத்தம் செய்துகொண்டு வரச் சொன்னார்கள். முருகன் மேற் பக்திப் பாட்டு ஒன்று. கோயிற் கச்சேரி அதிலேதான் தொடங்கும். விஸ்வநாதன் இசையமைத்த பழைய பாட்டு ஒன்று. மனோகரனின் பைலா ஒன்று. நான்காவது, மூடுபனி என்னும் படத்தில் ஜேசுதாஸ் பாடிய நிலாப் பாட்டு. 1980இல் வந்த அப்படம் இளையராஜா இசையமைத்த நூறாவது படம். அதனை இயக்கிய பாலு மகேந்திரா மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியிற் பிறந்தவர். பாட்டின் உயிரே கிற்றார்தான். திண்ணையில் அதனைப் பல நூறு முறை வாசித்திருக்கிறேன். மூன்று வாரமும் இரவில் மின்வெட்டு. மண்ணெண்ணெய் விளக்கில் வாசித்தேன். "இஞ்ச பாருங்க, பென்சன் எடுக்கப் போற வயசில பாட்டுக்காரரோடயா?" என்று மனைவியார் முதல் வாரத்திற் கேட்டார். இரண்டாம் வாரத்தில், "அந்த நடுவில வாற துண்டு நேத்தையவிட நல்லா இரிக்கி" என்றார். மூன்றாம் வாரத்தில் எனது வெள்ளை மேற்சட்டையை அழுத்தி வைத்தார். இவற்றுள் எது அவருடைய முடிவான கருத்து என்று யான் கேட்கவில்லை.

கோமாரியிலிருந்து கல்முனை ஐம்பது கிலோமீற்றருக்கு மேல். டீசல் இன்மையாற் பஸ்கள் குறைந்திருந்தன. விடியலில் ஏறி அக்கரைப்பற்றில் மாறினேன். அட்டாளைச்சேனை, பாலமுனை, ஒலுவில், நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது என்று தமிழூரும் முஸ்லிம் ஊரும் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் அவ்வீதியைப் போல் இலங்கையில் வேறொன்று இல்லையென்பது என் துணிபு. கோயில் மணியும் பாங்கும் ஒரே காற்றில் வரும். காரைதீவைக் கடக்கும்போது சுவாமி விபுலாநந்தரை எண்ணினேன். அவ்வூரில் 1892இற் பிறந்து, விஞ்ஞானப் பட்டம் பெற்று, துறவு பூண்டு, பழந்தமிழ் யாழை மீளக் காணக் கணிதத்தைத் துணைக்கொண்டவர். 1947இல் யாழ் நூல் வெளிவந்த சில வாரங்களிலேயே மறைந்தார். மெட்டில்லாத தந்திகளின் சுர விகிதங்களைக் கணக்கிட்ட அப்பெரியாருடைய ஊரின் வழியே, மெட்டடித்த சீனக் கிற்றாரை மடியில் வைத்துக்கொண்டு, பைலாப் பரீட்சைக்குச் செல்லும் கணித ஆசிரியனைக் கண்டிருந்தால் அவர் யாது கூறியிருப்பார்! சினந்திரார் என்றே நம்புகிறேன்.

கடையொன்றின் மேல்மாடி அறையிலே பரீட்சை. சுவர் முழுதும் முட்டைத் தட்டுகளை ஒட்டியிருந்தனர். ஓசை எதிரொலிக்காமல் இருத்தற்கு அஃது ஏழைகளின் வழி. குழுவின் தலைவர் கல்முனைக்குடியைச் சேர்ந்த நாற்பது வயது மதிக்கத்தக்க முஸ்லிம் அன்பர், கீபோட் வாசிப்பவர். அவருடைய தந்தையார் பக்கீர்ப் பாவாக்களோடு றபான் தட்டிப் பைத் பாடியவராம். பாடகர் காரைதீவைச் சேர்ந்தவர். அடிநாதக் கிற்றார் வாசிப்பவர் மட்டுநகர்ப் பறங்கியர். "வாங்க சேர், இரிங்க" என்று தலைவர் வரவேற்றார். ஏனைய பரீட்சார்த்திகள் இருவரும் இளைஞர். ஒருவர் தம்பிலுவில், மற்றவர் கல்முனை. இருவரிடமும் மின் கிற்றாரும், காலால் மிதித்து ஓசையை மாற்றும் பெட்டிகளும் இருந்தன. என்னுடையது ஒலிவாங்கி ஒட்டிய மரப்பெட்டிக் கிற்றார். அதன் கம்பி இணைப்பு இழகியிருந்ததைக் கண்டு தம்பிலுவில் இளைஞர் தம் கருவிகளைக்கொண்டு அதனைச் செப்பஞ் செய்து தந்தார். போட்டியாளனுக்கு அவ்வாறு உதவுவாரை யான் வேறு பரீட்சை மண்டபங்களிற் கண்டதில்லை.

முதலில் நிலாப் பாட்டு. அது நன்றாகவே சென்றது. பெருமை பேசுதல் அன்று, எண்ணிப் பார்த்தால் நாற்பதாண்டுப் பழக்கம். தலைவர் ஒன்றும் சொல்லவில்லை. "அடுத்தது பழைய பாட்டு, நாலரைக் கட்டையில எடுப்பம்" என்றார்.

இவ்விடத்தில், இசைக்குழு வழக்கினை அறியாத அன்பர்க்காகச் சிறிது விளக்க வேண்டும். ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை ஒன்று முதல் ஏழு வரை எண்ணி, இடையிலுள்ள கறுப்புக் கட்டைகளை ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை என்பர். மூன்றரையும் ஏழரையும் இல்லை. ஏழரை இல்லாதது நல்லதே. கிற்றாரின் ஆறு தந்திகளும் தடித்ததிலிருந்து முறையே மூன்று, ஆறு, இரண்டு, ஐந்து, ஏழு, மீண்டும் மூன்று கட்டைகளில் நிற்பன. புத்தகத்திற் கற்றவர்க்கு இரண்டாம், மூன்றாம், ஐந்தாம் கட்டைகள் எளியவை. நாலரையில் விரல்களுக்கு ஓய்வளிக்கும் திறந்த தந்திகள் கிட்டத்தட்ட இல்லையெனலாம். பாடகரோ தம் தொண்டைக்கு ஏற்ற கட்டையையே கேட்பார். தந்திகளின் வசதி அவருக்கு ஒரு பொருட்டன்று. இதற்கு ஒரு சிறு கருவி உண்டு. கப்போ என்பர். இரண்டாம் மெட்டில் அதனைக் கவ்வ வைத்தால் ஆறு தந்திகளும் ஒரு முழுச்சுரம் உயரும்; மூன்று கட்டைக்கு உரிய பிடியைப் பிடித்தால் நாலரை ஒலிக்கும். யான் அதனைச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். தலைவர் அதனைப் பார்த்துத் தலையசைத்தார். பாட்டின் நடுவில் முன்னறிவிப்பின்றி, "அஞ்சுக்கு ஏத்துறம்" என்றார். கருவியை ஒரு மெட்டு நகர்த்துதற்கு எனக்கு இரண்டு தாள அடிகள் சென்றன. அவ்வளவுதான் வேண்டியிருந்தது போலும்.

அஸர்த் தொழுகைக்கு நேரமாயிற்று. தலைவர் எழுந்து பள்ளிக்குச் சென்றார், யாவரும் காத்திருந்தோம். பிளேன்ரீ வந்தது. அந்த இடைவேளையில் என் பழைய மாணவர் சிலவற்றைக் கூறினார். 2019 ஏப்பிரலின் பின் சில மாதங்கள் இரவில் இக்குழுவின் வாகனம் செல்லும்போது ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் எல்லோரையும் இறக்கி விசாரித்தனராம். சில ஊர்களில், "உங்கட ஆக்கள் மட்டும் வரலாமா?" என்று அழைப்போர் கேட்டனராம். எந்த ஆட்கள் என்பது ஊருக்கு ஊர் மாறியது. "எங்கட செற்ற உடைச்சா அனுப்பேலாது" என்று தலைவர் மறுத்து, அவ்வாண்டிற் பெரும்பாலும் வீட்டில் இருந்தனராம். முஸ்லிம் கலியாண வீடுகளிற் பாட்டு வைக்கும் வழக்கமும் முன்போல் இல்லை. மணி அறுபது ரூபாவாயினும் தேநீருக்கு அவர்கள் பணம் வாங்க மறுத்தது எனக்கு நினைவிருக்கிறது.

மூன்றாவது, பைலா. டச்பார்த் தச்சர் கற்பித்த கைவீச்சுக்கு இருபத்தெட்டு ஆண்டுகளின் பின் அன்றுதான் வேலை வந்தது. ஆறெட்டு என்பது நமது திஸ்ர நடையின் ஒன்றுவிட்ட சகோதரன். இரண்டும் மூன்றும் ஒன்றையொன்று பிடித்து இழுக்கும். ஒக்ரபாட்டும் அடிநாதமும் சேர்ந்து பிடித்தபோது அறையே நகர்வது போலிருந்தது. தலைவர் கையை உயர்த்தி நிறுத்தினார். "சேர், வடிவா இரிக்கி. ஆனா இப்ப நாங்க அஞ்சு பேர். நீங்க வாசிக்கிறது ஒரு ஆள் வாசிக்கிற மாதிரி. மூணாவதுலயும் ஆறாவதுலயும் மட்டும் வெட்டி விடுங்க, மிச்சத்த எங்களுக்குத் தாங்க."

இதனை வாசகர் ஊன்றிக் கருத வேண்டுகிறேன். திண்ணையில் தனியே வாசிப்பவன் ஒருவனே தாளமும் அடிநாதமும் பாட்டும் ஆகிறான். எங்கும் வெற்றிடம் விடாமல் நிரப்பினாலன்றிப் பாட்டு நடவாது. அது தனிவாசிப்பின் இலக்கணம். குழுவின் இலக்கணம் வேறு. அவர் சொன்னவாறு ஆறு அடிகளில் இரண்டை மாத்திரம் வாசித்தேன். கை சும்மா இருக்கும் அந்த நான்கு அடிகளிற் பிறர் வாசிப்பது முழுவதும் காதில் விழுந்தது. பறங்கி அன்பரின் அடிநாதம் எவ்வளவு குறும்புடையது என்பதையும் அப்போதுதான் அறிந்தேன். பாட்டு முடியும்வரை யான் சிரித்துக்கொண்டிருந்ததாகப் பின்னர் என் மாணவர் சொன்னார்.

நான்காவது பாட்டுத் தொடங்குமுன் மின்சாரம் நின்றது. அட்டவணைப்படி இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது; அந்நாளில் அட்டவணைகள் அவ்வாறே இருந்தன. கீபோட்டும் ஒக்ரபாட்டும் ஊமையாயின. "முருகன் பாட்டுத்தானே, கரண்ட் இல்லாமலும் கேப்பான்" என்று பாடகர் தாமே எடுத்தார். சுருதிப் பெட்டி இன்மையால் அவர் எடுத்தது நாலரையும் அன்று, ஐந்தும் அன்று; இரண்டுக்கும் நடுவே எங்கோ நின்றது. மெட்டடித்த வாத்தியத்தில் அப்படி ஓர் இடமே இல்லை. அவர் பல்லவியை இரண்டாம் முறை பாடுவதற்குள், கப்போவைக் கழற்றி, தடித்த தந்தியை அவர் குரலோடு ஒட்டும்வரை முறுக்கி, ஏனையவற்றை அதன்வழிச் சேர்த்தேன். காந்தாரம் வரும் இடங்களில் அத்தந்தியைத் தொடாது விட்டு, ஆதார சட்சத்தையும் பஞ்சமத்தையும் மாத்திரம் ஒலித்தேன். பதினான்கு சதக் கடனை அவரிடம் கேட்பது தகாதெனத் தோன்றிற்று. தலைவர் மேசையின் விளிம்பில் விரல்களால் றபான் போலத் தட்டினார். ஏனைய பரீட்சார்த்திகள் இருவரும் கைத்தொலைபேசி விளக்குகளைப் பிடித்துக்கொண்டிருந்தனர். சளி பிடித்த எமது பண்ணிசை ஆசிரியரை அவ்விருளில் நன்றியோடு எண்ணினேன்.

மூன்று நாட்களின் பின் தலைவரே அழைத்தார். தம்பிலுவில் இளைஞரைத் தெரிந்திருப்பதாகக் கூறினார். "சேர், உங்களுக்கு நேராச் சொல்லணும். ஆறு மணித்தியாலம் நிண்டு வாசிக்கணும். அறுகங்குடாவில சீசனுக்குப் புதுப் பாட்டு, இங்கிலீஸ் பாட்டெல்லாம் கேப்பாங்க. அந்தத் தம்பிக்கு அது வரும்." அவர் கூறியது முற்றிலும் சரி. அவ்விளைஞரின் விரல்களை யான் அருகில் நின்று கண்டவன்; பரீட்சகர் இடத்தில் யான் இருந்திருப்பினும் அவருக்கே புள்ளி வழங்கியிருப்பேன். ஆயினும் அன்று மாலை கிற்றாரைப் பையிலிருந்து எடுக்க மனம் வரவில்லை. இளமையில் வருவதைப் போன்ற ஏமாற்றம் ஐம்பத்து நான்கிலும் அதே அளவில் வருகிறது என்பதை அறிந்துகொண்டேன். மனைவியார் ஒன்றும் பேசாமல் மீன் பொரித்தார்.

தலைவர் அதே உரையாடலில் வேறொன்றும் கேட்டிருந்தார். கோயிற் கச்சேரிகளின் முதல் அரை மணி நேரம், பக்திப் பாட்டுகளுக்கு மாத்திரம், பாடகரின் அருகில் இருந்து வாசிக்க வருவேனா என்பதே அது. பாடகர் கேட்டுக்கொண்டாராம். சிந்தித்துச் சொல்வதாகக் கூறினேன். அடுத்த நாட் காலை, சிந்திக்காமலே ஆம் என்றேன்.

அவ்வாண்டு ஆடியில் திருக்கோவிற் பக்கத்துப் பிள்ளையார் கோயில் ஒன்றில் முதன்முறையாக மேடையில் இருந்தேன். மின்பிறப்பாக்கிக்கு எரிபொருள் கிடையாமல் விழாச் சபையார் மூன்று ஊர்களிற் போத்தல் போத்தலாகச் சேகரித்திருந்தனர். எனக்கு 4,000 ரூபா தந்தனர். ஒரு தொகுதி தந்தி அப்போது 3,200 ரூபா. ஆண்டின் தொடக்கத்தில் அதில் ஏறத்தாழப் பாதி. ஐப்பசியில் தம்பிலுவில் இளைஞருக்குக் கடவுச்சீட்டும் வேலையும் ஒருங்கே வந்தன; அவர் ருமேனியாவுக்குச் சென்றார். செல்லுமுன் கோமாரிக்கு வந்து, காலால் மிதிக்கும் பெட்டிகளுள் ஒன்றை என்னிடம் கொடுத்து, அதனை இயக்கும் முறையையும் காட்டிச் சென்றார். ஆறு மணித்தியாலம் நிற்பதற்கு எவரும் கிடையாமையால், அதன் பின்னர் ஒரு கதிரை கொடுத்து என்னையே முழு நேரமும் இருத்தினர். அறுகங்குடாவுக்கு மாத்திரம் யான் செல்வதில்லை. பாலமுனையில் ஒரு கலியாண வீட்டிலும் வாசித்தோம். அங்கே மணமகனின் பாட்டனார் தம் பழைய றபானை எடுத்து வரச் செய்து எம்மோடு ஒரு பாட்டுக்குத் தட்டினார். தலைவர் அந்தப் பாட்டில் கீபோட்டை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நமது கல்லூரி விழாவின் இறுதி இரவு விருந்துக்கு எமது குழுவை அழைத்துள்ளனர். பழைய மாணவருள் மேடையேறிப் பாட விரும்புவோர் தத்தம் கட்டையை முன்கூட்டியே அறிவிப்பாராயின் பேருதவியாக இருக்கும். கட்டை அறியாதோர் பாட்டைத் தொடங்கிவிட்டுப் பல்லவியை இரண்டு முறை பாடுக. தந்திகளைச் சேர்த்துக்கொள்ள எனக்கு அவ்வளவு நேரம் போதும்.